பாரத்துக்கு ஏறியவர்கள்

மாரியில் இங்கே பேருந்துகள் திரும்பும்போது ஒரு சத்தம் கேட்கும். சில்லுக்கு மேலே, மட்காட்டுக்குள் பனி அப்பி இரவோடிரவாகக் கல்லாய் இறுகியிருக்கும். நேர்த்தெருவில் ஒன்றும் தெரியாது. வளைவில் சாரதி ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ரயர் போய் அந்தக் கல்லில் உரசும். கர்ர்ர். தரிப்பிடத்தில் நிற்பவர்கள் ஒருவரும் தலை திருப்பமாட்டார்கள். என் வாய் மட்டும் என்னைக் கேட்காமலே சொல்லும்: "முட்டுது."

பக்கத்தில் நிற்கும் நோர்வேக் கிழவி தனக்கு ஏதோ சொன்னேனாக்கும் என்று சிரிக்கிறாள். நானும் சிரித்துவைக்கிறேன். அதற்குள் பனி போய்விடுகிறது. சுட்ட தகரத்தின் மணம் வருகிறது. அதன் பின்னால் முகத்துவாரத்துக் கருவாட்டு மணம். அதற்கும் பின்னால், ஒரு பருத்த மனிதரின் சிரிப்பு.

ஐப்பசி மழைக்கு முன்னர் கொழும்புக்குப் போனேன். தங்கை அங்கே வந்திருந்தாள். அவள் கன்னியாஸ்திரி, சபையில் சிஸ்டர் பிலோமினா, எனக்குப் பிலோமி. வன்னிக்குள், காட்டோரக் கிராமம் ஒன்றில், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கான சின்ன விடுதி ஒன்றை நடத்துகிறாள். அவள் வெளியே வருவது வருஷத்தில் ஒரு கிழமை, ஏழே நாள். அவளைப் பார்க்கவேண்டுமென்றால் அந்தக் கிழமைதான்.

நான் வந்து இறங்கிய அன்றே, இம்முறை தான் வந்த காரணத்தைத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் தெரு, மழை தொடங்கிவிட்டால் தெருவாக இருக்காது. உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி இரண்டு வாய்க்கால் விழுந்துவிடும். ஜீப்பின் வயிறு நடுத்திட்டில் குந்த, சில்லு நான்கும் சேற்றைக் கடைந்துகொண்டு நிற்கும். போன மாரியில் அப்படிக் குந்திய ஜீப்புக்குள் ஒரு பெண், பிள்ளையைப் பெற்றுவிட்டு, விடியமுதல் செத்துப்போனாள். "பெரிய ரயர் போட்டால் வயிறு உயரும் அண்ணா" என்றாள் பிலோமி. சாவுக்கும் ரயருக்கும் இடையில் அவள் ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

போர் நடக்கும் வன்னிக்குள் ரயரைத் தனியாகக் கொண்டுபோக இராணுவம் விடாது. ஜீப்பில் பூட்டியிருந்தால் அது ஜீப். ஆகவே காட்டில் ஓடும் பெரிய ரயரைக் கொழும்பிலேயே பூட்டவேண்டும். பெரிய ரயர் பழைய மட்காட்டுக்குள் அடங்காது. ஆகவே மட்காட்டை வெட்டவேண்டும். ஜீப் திரும்பிப் போவதற்கான அனுமதி சனிக்கிழமையோடு முடிகிறது. ஆகவே அதற்குள் வெட்டவேண்டும். வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜில் தங்கினேன். முதல் வேலையாக லொட்ஜ்கார அக்கா என்னைப் பொலிசில் பதியக் கூட்டிக்கொண்டு போனா. பிறந்த நாட்டில் வந்துபோகிறவனாகப் பெயர் கொடுத்தேன். திரும்பி வரும்போது அவ ஒரு புத்தி சொன்னா: "தம்பி, பாஸ்போட்டைக் கையிலையே வைச்சிருங்கோ. பொக்கற்றிலை வைச்சா எடுக்கக் கையை விடுவியள். அதுக்கே சுட்டுப்போடுவாங்கள்." சொல்லிவிட்டுச் சிரித்தா. நான் சிரிப்பதா இல்லையா என்று தெரியாமல் நடந்தேன். அது பகிடி இல்லை என்று இரவு படுத்த பிறகுதான் விளங்கியது.

லொட்ஜில் எல்லோரும் எங்கோ போவதற்காகக் காத்திருந்தார்கள். கனடா, லண்டன், சுவிஸ். காத்திருப்பவர்களின் சவர்க்கார வாசனை நடையெங்கும். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவனை அவர்கள் பார்த்த பார்வையில் மரியாதையும் சந்தேகமும் சரிபாதி. காலையில் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. என் ஊரில் இடியப்பம் பனிக்கட்டியாக ஒரு பெட்டியில் இருக்கும். அதை எழுப்பி, சூடாக்கி, மன்னித்துச் சாப்பிடவேண்டும். இங்கே அது ஆவியோடு உயிராக வந்தது. இரண்டாவது தட்டும் கேட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர், "வெளிநாட்டுப் பசி" என்று யாருக்கோ சொன்னார்.

பிலோமி வந்தாள். பத்து வருஷத்தில் அவள் கறுத்து, மெலிந்து, கண் மட்டும் பெரிதாகியிருந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "உனக்கு வண்டி வைச்சிட்டுது" என்றாள், என் வயிற்றைப் பார்த்து. அவ்வளவுதான் வரவேற்பு.

ரயிலில் கோட்டைக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீடுகளின் பின்புறங்கள். எங்களுக்கு எதிரே இரண்டு சிங்களப் பெண்கள். ஒருத்தி மற்றவளுக்கு, இராணுவத்தில் இருக்கும் தன் மகனின் கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிலோமி எனக்கு மெல்ல மொழிபெயர்த்தாள்: "வடக்கில் மழை பிடித்தால் சப்பாத்தைக் கழற்ற முடியாதாம். சேறு காலைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பிள்ளை அம்மாவுக்கு அதைத்தான் எழுதியிருக்கிறான், வேறொன்றும் இல்லை." அந்தத் தாயின் மகனும் என் தங்கையின் ஜீப்பும் ஒரே சேற்றில்.

கோட்டையிலிருந்து ஏறிய ஓட்டோ பாதிவழியில் செத்தது. சாரதி சிங்களவர், வயதானவர். நானும் அவருமாகத் தள்ள, பிலோமி உள்ளே இருந்து ஹாண்டிலைப் பிடித்தாள். வெள்ளை உடுப்பில் ஒரு கன்னியாஸ்திரி ஓட்டோ ஓட்ட, இரண்டு கிழடுகள் பின்னால் தள்ளிவருவதைப் பார்த்துச் சோதனைச் சாவடிப் பையன்கள் சிரித்துவிட்டு, மறிக்காமல் விட்டார்கள். அந்தக் கிழமை முழுவதிலும் எங்களைக் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே சாவடி அதுதான்.

கொட்டாஞ்சேனையில் ஆறுமுகம் பாஸின் பட்டறை ஒரு முடுக்கின் கடைசியில் இருந்தது. முன்னுக்கு ஒரு சலூன், பக்கத்தில் மீன் விற்கும் நான்சி அக்காவின் வீடு. பாஸ் என்றால் மேஸ்திரி; இவர் டிங்கரிங் வேலைக்காரர். அடிபட்ட கார்களின் உடம்பை நிமிர்த்துபவர். மலையகத்தில் பிறந்து, கொழும்பில் தலை நரைத்தவர். தன்னைப் பற்றிப் பெரிய எண்ணம். பிலோமி முன்னரே கொண்டுவந்து விட்டிருந்த ஜீப்பையும் மூலையில் அடுக்கியிருந்த புது ரயர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா சிஸ்டர், ஆட்டுக்குட்டிக்கு ஆனைக்கால் வைக்கச் சொல்றீங்க?"

"ஏலுமோ, ஏலாதோ?"

"ஆறுமுகத்துக்கு ஏலாததா? போன மாசம் ஒரு பஸ்ஸையே நடுவுல வெட்டி நீட்டுனேன்."

"அந்த பஸ் இப்ப ரெண்டா ஓடுது" என்றது ஒரு குரல். ரயர்களின் மேல் உட்கார்ந்து, மீன் அடைத்த மாலுபணிஸ் தின்றுகொண்டிருந்த ஒரு பெரிய மனிதர். பாஸின் தங்கை புருஷன், பெரியசாமி. பெயருக்கு ஏற்ற உடம்பு, நாற்பது வயதிருக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். வேலை போய், மச்சானுக்கு உதவிக்கென்று வந்து ஒரு மாதம். சிரிக்கும்போது ரயர் அடுக்கும் சேர்ந்து ஆடியது.

என் ஊரில் மாரிக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர். சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பி குடித்துக்கொண்டு தாங்களே மாற்றுவார்கள் என்று சொன்னேன். பாஸ் ஆர்வமாகக் கேட்டார்.

"மட்காட் வெட்டுவாங்களா அண்ணே?"

"வெட்டினால் அரசாங்கம் விடாது."

"இங்கயும் விடாது. நாங்க கேக்கிறதில்ல."

மறுநாள் வேலை தொடங்கியது. இந்த வேலையில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. ரயரின் தோளெல்லாம், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைத் தேய்த்துவிடுவார்கள். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஜீப்பை முன்னும் பின்னும் அசைப்பார்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே தகரத்தில் வெள்ளை ஒட்டும். அந்த வெள்ளைக்கு வெளியே ஒரு விரல் விட்டுக் கோடு கீறி, கிரைண்டரால் அறுக்கவேண்டும். அறுத்த விளிம்பு ரயரைக் கிழிக்காமல் இருக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை நீளமாகக் கீறி அதன் மேல் மாட்டிவிடுவார்கள்.

கிரைண்டர் கத்தியபோது முடுக்கில் கதவுகள் திறந்தன. அந்த நாட்களில் பெரிய சத்தமென்றால் முதலில் பிள்ளைகளைத்தான் எண்ணுவார்கள். தகரம் நெருப்பாகச் சிதறி, பிறை பிறையாகக் கீழே விழுந்தது. பிலோமி கைகளைக் கட்டிக்கொண்டு, பிரசவத்தில் பிள்ளையின் தலை எப்போது தெரியும் என்று பார்ப்பவளைப்போல நின்றாள். ஒரு பிறையை எடுத்து என் பைக்குள் வைத்ததைக் கண்டுவிட்டாள்.

"கவிதைக்கோ?"

"சும்மா."

"கவனம். அது கையை வெட்டும். உன்ரை கவிதை வெட்டாது."

பின்னேரம் முன்சில்லு இரண்டும் முடிந்தன. ஜீப் முன்பக்கம் எழும்பி நின்ற எருமைபோல இருந்தது. நான்சி அக்கா எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தா. பிலோமி ரயரைக் கையால் சுற்றிவிட்டு, அது முட்டாமல் சுழல்வதைப் பார்த்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்பை அப்போதுதான் கண்டேன்.

பின்சில்லுகள்தான் சிக்கல். அவை திரும்புவதில்லை, ஆனால் பாரம் ஏறினால் ஜீப்பின் பின்புறம் தணிந்து, தகரம் ரயரில் வந்து இருக்கும். வெறும் ஜீப்பை வைத்து அளந்தால் கொழும்பில் ஓடும், வன்னியில் உரசும். பாரம் ஏற்றி, கிடங்கு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் வெட்டவேண்டும்.

"மண்மூட்டை ஏத்துவம்" என்றேன்.

முடுக்கே என்னைப் பார்த்தது. கொழும்பில் மண்மூட்டை என்றால் காவலரண். ஒரு தமிழன் மண்மூட்டையோடு ஜீப்பில் போனால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். அரிசி மூட்டை? வடக்கே கடத்துகிறான் என்பார்கள். செங்கல்? சீமெந்து? பதுங்குகுழி. நான்சி அக்கா தன் மீன்பெட்டிகளைச் சொன்னா. ஐஸ் உருகி ஜீப் நாறும் என்று பிலோமி மறுத்தாள்.

"ஆள ஏத்துவோம்" என்றார் பாஸ். "ஆளுக்கு என்னா தடை?"

எல்லோருக்கும் அது பிடித்துக்கொண்டது. எதை ஏற்றினாலும் சந்தேகம் வரும் ஊரில், ஏற்றக்கூடாத சரக்கு நாங்கள்தான் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காகச் சோதனைச் சாவடிகளுக்குள் வாழ்ந்த சனம். அந்த ஒரு பொழுதில் அதை மறந்துவிட்டது. ஜீப்பைப் பார்த்த சந்தோஷம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பாஸ் ஓட்டினார், பக்கத்தில் பிலோமி. பின்னால் நான், சலூன்காரர், நான்சி அக்கா, அவவின் தங்கச்சி, பிறகு பெரியசாமி. அவர் ஏறியதும் ஜீப் மூச்சு விட்டுத் தணிந்தது. அவருக்கு இரட்டை வேலை: பாரமாக இருப்பது, சில்லுக்கு மேலே காதை வைத்து, முட்டும்போது கத்துவது.

புறப்படுமுன் பாஸ் சொன்னார்: "சிஸ்டர், யாராச்சும் மறிச்சா முகத்துவாரம் சர்ச்சுக்குப் போறோம்னு சொல்லுங்க. ஒங்க உடுப்பப் பாத்தாலே விட்டுருவாங்க."

"போகாத சர்ச்சுக்குப் போறன் எண்டு எப்பிடிச் சொல்றது?"

"போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருவோம். அப்பப் பொய் இல்லைல்ல?" என்றார் பெரியசாமி.

எல்லோரும் சிரித்தோம். பிலோமி சிரிக்கவில்லை. "நான் பொய் சொல்லமாட்டன் பாஸ். வன்னிப் பாதையிலை ரெண்டு பக்கத்துச் சாவடியிலையும், ஆமிக்கும் மற்ற ஆக்களுக்கும், இண்டைவரைக்கும் சொன்னதில்லை. அதாலைதான் என்னை விடுறாங்கள்."

முகத்துவாரத்துப் பக்கம் தெரு நன்றாகக் கிழிந்திருந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். முதல் கிடங்கில் பெரியசாமி கத்தினார்: "முட்டுது!" நான்சி அக்கா மடியில் வந்து விழுந்தா. இரண்டாவதில்: "இடது சரி! வலது முட்டுது!" சலூன்காரர் ஒரு தாளம் பிடித்தார். ஒவ்வொரு கிடங்குக்கும் எல்லோருமாகச் சேர்ந்து, "முட்டுதா?" என்று கேட்க, பெரியசாமி மட்டும் தனிக்குரலில் பதில் சொன்னார். ஒரு சுற்றுலாப் போல இருந்தது. காற்றில் கருவாடும் கடலும். நான் நாட்டை விட்டுப் போகாதவனைப்போல ஒரு சில நிமிஷம் இருந்தேன்.

திரும்பும் வளைவில் சாவடி. வேகத்தைக் குறைக்கத் தெருவில் போட்டிருந்த திட்டில் ஜீப் ஏறி இறங்கியது. பெரியசாமி, பழக்கத்தில், முழுக் குரலில்: "முட்டுது!"

சிப்பாய்களின் துவக்குகள் நிமிர்ந்தன.

எல்லோரையும் இறக்கினார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்க, பிலோமி சிங்களத்தில் பதில் சொன்னாள். பிறகு அவள் தமிழில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்கே போகிறீர்கள்?"

"ஓரிடத்துக்கும் இல்லை."

"ஓரிடத்துக்கும் போகாமல் இத்தனை பேர் எதற்கு?"

"பாரத்துக்கு."

"என்ன பாரம்?"

"இவர்கள்தான் பாரம்."

அதிகாரி எங்களை வரிசையாகப் பார்த்தார். பாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "சர்ச்சு, சர்ச்சு" என்று முணுமுணுத்தார்.

"கத்தியது யார்? என்ன கத்தினான்?"

"ரயர் தகரத்தில் முட்டுகிறது என்று சொன்னார்."

அதிகாரி குனிந்து பார்த்தார். புத்தம்புதுப் பெரிய ரயர், அறுத்த மட்காட், வெண்கட்டி அடையாளங்கள்.

"இது எங்கே ஓடப்போகிறது?"

"வன்னிக்கு."

அந்தச் சொல்லோடு எங்கள் எல்லோருடைய காற்றும் போனது. உண்மை துண்டு துண்டாக வெளியே வந்தபோது, கேவலமான பொய்யொன்றைப் போல இருந்தது. பிலோமியின் பாதுகாப்பு அனுமதியைக் கம்பியில்லாக் கருவியில் விசாரித்தார்கள், சரியென்று வந்தது. என் பாஸ்போட் சரி. மற்றவர்களிடம் அடையாள அட்டை இருந்தது. பெரியசாமியிடம் இல்லை.

"அட்டைக்குப் போட்டிருக்குங்க. இன்னும் வரல்ல. தோட்டத்துல எங்க லயத்து வீடுகள்ல யாருக்கும் வரல்ல" என்றார். பொலிசிலும் அவர் பதிந்திருக்கவில்லை. ஒரு மாதம்தானே என்று இருந்துவிட்டாராம்.

விசாரணைக்கு மட்டும்தான், காலையில் வாருங்கள் என்றார்கள். அவரை ட்ரக்கில் ஏற்ற இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியிருந்தது. ட்ரக்கும் தணிந்தது. பலகைக்கு மேலாக முகம் தெரிய, அவர் பாஸைப் பார்த்துக் கத்தினார்:

"மச்சான்! வலது பின்சில்லு! இன்னும் ஒரு வெரல் வெட்டணும்!"

முடுக்குக்குத் திரும்பினோம். ஜீப் லேசாக ஓடியது. எங்கும் முட்டவில்லை.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்து நீளப்பலகை வாங்கிலில் பிலோமியும் பாஸும் நானும் குந்தியிருந்தோம். நான்சி அக்கா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை ஒரு கான்ஸ்டபிள் வாங்கி உள்ளே கொண்டுபோனார். "சாப்பிட்டான், நன்றாகச் சாப்பிட்டான்" என்று வந்து சொன்னார். அதற்கே நாங்கள் நன்றி சொன்னோம். நான் வாழும் ஊரில் பொலிஸ் நிலையத்துக்கு நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், தொலைந்த குடையைக் கேட்டு. குடை கிடைத்தது. இந்த ஒப்பீடு யாருக்கும் உதவாது என்று தெரியும். இருந்தும் வாங்கிலில் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் பெரியசாமியின் மனைவி லெச்சுமி மஸ்கெலியாவிலிருந்து வந்து சேர்ந்தா. ஒடிந்துவிடுமளவு மெல்லிய உருவம். பிலோமியைத்தான் நேரே பார்த்தா.

"எங்க வீட்டுக்காரர எதுக்கு சிஸ்டர் ஏத்துனீங்க?"

பாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிலோமி முந்திக்கொண்டாள். "பாரத்துக்கு."

"பாரத்துக்கா?" லெச்சுமி அந்தச் சொல்லை வாய்க்குள் புரட்டிப் பார்த்தா. "தோட்டத்துல தேயிலைக் கொழுந்தத்தான் நிறுப்பாங்க. எங்கள நிறுத்ததில்ல."

அன்று சோற்றுப் பார்சலை வாங்கிப்போன கான்ஸ்டபிள் உடனேயே திரும்பி வந்தார். பார்சல் அவர் கையில். "ஆள் இங்கே இல்லை. மேலே கொண்டுபோய்விட்டார்கள்." எங்கே மேலே? தெரியாது. யாரைக் கேட்பது? தெரியாது. பார்சலை லெச்சுமி வாங்கினா. இன்னும் சூடாக இருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வழி கேட்கத் தெரியாத ஊரில், அவ எங்களுக்கு முன்னால் நடந்தா.

பிலோமி தெரிந்த குருமார், தெரியாத அதிகாரிகள் என்று படியேறி இறங்கினாள். நானும் கூடவே போனேன். எல்லா இடத்திலும் மின்விசிறி சுழன்றது. எல்லோரும் இருக்கக் கதிரை தந்தார்கள். ஒருவரிடமும் பெரியசாமி இல்லை. கடைசிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"சர்ச்சுக்கு எண்டு சொல்லியிருக்கலாம், என்ன அண்ணா?"

நான் அவளுக்குப் பக்கத்தில், அதே படியில் இருந்தேன். எழுதுகிறவன் என்று பெயர். பைக்குள் கையை விட்டு அந்தத் தகரப் பிறையைத் தடவினேன்.

வெள்ளி பின்னேரம் பட்டறைக்குப் போனோம். ரயர் நான்கும் பூட்டி, விளிம்புகளுக்குக் குழாய் மாட்டி, ஜீப் முடிந்து நின்றது. வலது பின்சில்லைத் தவிர. அதன் மேல் பெரியசாமி இருந்த நாளின் வெண்கட்டி அப்படியே.

"ஒரு விரல் எண்டு அவர் சொன்னவர்தானே பாஸ்" என்றேன்.

"எவன் வெரலு அண்ணே? எம் வெரலா, அவன் வெரலா?" பாஸ் தன் கையை விரித்துக் காட்டினார். "அவன் ஒரு வெரலு எனக்கு ரெண்டு. கூட வெட்டினா உள்ளுக்கு இருக்க எண்ணெய்க் குழாயில பட்டுரும். பாரம் இல்லாம எப்புடி அளக்கிறது? அளவு அவன் காதுல இருக்கு. வரட்டும். வந்து சொல்லட்டும்."

பஸ்ஸை நடுவில் வெட்டி நீட்டிய கதையை அதன் பிறகு அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை. அன்று புறப்படாவிட்டால் ஜீப் இனிக் கொழும்பில்தான். வன்னிப் பக்கம் வானம் கறுத்துவிட்டதாக வவுனியாவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அந்த மாதத்துக்குள் பிள்ளை பெற இருந்தவர்களின் பெயர்களைப் பிலோமி முதல் நாள் இரவு எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். போவதா, பெரியசாமிக்காக நிற்பதா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. பஞ்சும் துணியும் அடைத்த பெட்டிகளை ஏற்றினாள். பெட்டிகள் பெரியவை, பாரம் இல்லாதவை.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார் பாஸ். முடுக்கில் யாரும் வரவில்லை. சலூன் பூட்டியிருந்தது. நான்சி அக்கா வாசலில் நின்று, கையை மட்டும் அசைத்தா. குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரத்துக்கு ஏறியவர் திரும்பி வராத ஜீப் அது.

நான் ஏறினேன். பிறகு லெச்சுமி எழுந்து வந்தா.

"அவரு எங்க குந்தியிருந்தாரு?"

காட்டினேன். அந்த இடத்தில் ஏறி இருந்தா. ஜீப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. அவவின் எடை அவ்வளவுதான். பாஸ் முடுக்கின் முனைவரை ஓட்டி, திரும்பி வந்தார். சாக்கடை மூடியின் மேல் ஏறி இறங்கியபோது பின்புறம் ஒருதரம் அமுங்கியது.

கர்ர்ர்.

பாஸ் நிறுத்தினார். இந்தப் பஞ்சுப் பாரத்துக்கே முட்டுகிறது. அங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் அவளைத் தூக்கிப் பிடிக்க நான்கு பேரும் ஏறினால்? லெச்சுமி என் முகத்தைப் பார்த்தா.

"இதானா?"

"ஓம். இதுதான்."

பாஸ் இறங்கி உள்ளே போய், ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து பிலோமியின் இருக்கைக்குக் கீழே வைத்தார். வழியில் கிழிக்கத் தொடங்கினால் விளிம்பை அடித்து மடக்கச் சொன்னார். எப்படி அடிப்பது என்று காட்டப்போனவர், கையை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

இதை எழுதும் இந்த மாரியில் பிலோமியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அங்கிருந்து யாரும் தொலைபேச முடியாது. ஞாயிறுகளில் நான் கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுக்கிறேன். நான்சி அக்கா வீட்டு இலக்கம். பெரியசாமி வந்தாரா? இன்னும் இல்லை தம்பி, என்பா. பிறகு மீன் விலையைச் சொல்லுவா, ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காக. அடையாள அட்டை மட்டும் மஸ்கெலியாவுக்கு வந்துவிட்டதாம்.

அந்தச் சனிக்கிழமை பிலோமி ஸ்டியரிங்கில் ஏறினாள். என் தலையில் கையை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல மயிரைக் கலைத்தாள். எஞ்சின் இயங்கியது. லெச்சுமி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. விடவில்லை.

"சிஸ்டர், அவரு வந்தாருன்னா சோறுகூடக் கேக்கமாட்டாரு. மொதல்ல இதத்தான் கேப்பாரு. முட்டுதா, முட்டலயான்னு. நான் என்னா சொல்லட்டும்?"

பிலோமி வலது பின்சில்லைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு லெச்சுமியைப் பார்த்தாள்.

"முட்டேல்லை எண்டு சொல்லுங்கோ, லெச்சுமி."